ராகுலன் என்கிற ஆம்ப்ரோஸ்

ஜீவனஹள்ளி, பெங்களூர்
12-10-2004

சின்னி,

இந்தப் பெயரை எழுதக் கூடாது என்றுதான் உட்கார்ந்தேன். கை எழுதிவிட்டது. அது கையின் பழக்கம், மனசில் இல்லை.

கீழ்வீட்டு லட்சுமம்மாவுக்கு நீ விடாமல் போன் செய்கிறாயாம். இனிமேல் செய்யாதே, நான் இறங்கி வரமாட்டேன். போனில் நீ அழுவாய். நீ அழுதால் எனக்குச் சொல்ல வந்தது மறந்துபோகும். சின்ன வயசிலிருந்து அப்படி அழுதுதான் என்னிடம் எல்லாம் வாங்கிக்கொண்டாய். நாலாவது வரைக்கும் படித்த நான் எழுதுகிறேன். எட்டாவது படித்தவள் நீ, படித்துக்கொள்.

கிளாரன்ஸுக்கு முப்பதாம் நாள் பூசை முடிந்துவிட்டது. நீ வராதது நல்லது. அடக்கத்துக்கு வந்தாயே, அதுவே போதும். என்னோடு கார்மெண்ட்ஸில் நூல் வெட்டுகிற பவுலினிடம் கல்லறை வாசலில் நீ பேசியது என் காதில் விழுந்தது. "படிச்ச பையன், நல்ல வேலையா பாத்து சேர்ந்திருக்கலாம், எங்க ராகுலன் மாதிரி" என்றாய். என் பிள்ளைமேல் மண் போட்ட கையை நான் இன்னும் கழுவவில்லை. அதற்குள் நீ அதைச் சொல்கிறாய்.

உன் மகனும் என் மகனும் ஒரே ஐ.டி.ஐ.யில் ஒரே பெஞ்சில் ஃபிட்டர் படித்தார்கள். என் வீட்டில்தான் ராகுலன் தங்கினான், என் கேரியரில்தான் சாப்பிட்டான். ஒரே அரசாங்கக் கம்பெனிக்கு இரண்டு பேரும் பரீட்சை எழுதினார்கள். கிளாரன்ஸுக்குத்தான் மார்க் அதிகம், அது உனக்கும் தெரியும். ராகுலனைக் கூப்பிட்டார்கள். ஏனென்றால் நீங்கள் புத்தர் கோயில்காரர்கள், அவனுக்கு ஆதி திராவிடர் சர்டிபிகேட் உண்டு. நாங்கள் கிறிஸ்தவர்கள் என்று என் மகனை வேறு வரிசையில் நிற்க வைத்தார்கள். அது நீளமான வரிசை. அதில் நின்று நின்று கால் வலித்து அவன் காண்டிராக்டரிடம் போனான்.

வைட்ஃபீல்டில் பெரிய அபார்ட்மெண்ட். கார் நிறுத்துகிற இடத்துக்குக் கீழே கக்கூஸ் தண்ணீரைச் சுத்தம் செய்கிற தொட்டி இருக்கிறது. அதில் மோட்டார் நின்றுவிட்டது. காண்டிராக்டர் என் மகனைப் பார்த்து என்ன சொன்னான் தெரியுமா? கூட இருந்த பையன் என்னிடம் சொன்னான். "கே.ஜி.எஃப். பையன்தானே நீ, ஒங்க ஆளுங்களுக்கு உள்ள எறங்கறது புதுசா?" என்று. எந்தக் கோயிலுக்குப் போகிறாய் என்று கேட்கவில்லை. இறங்கினான். அங்கே இருந்த வாயு அவனை மேலே ஏற விடவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ராகுலனுடைய சர்டிபிகேட் சரிதானா என்று பார்க்கத் தாலுக்கா ஆபீஸிலிருந்து ஆள் வரப்போகிறார். அவன் கொடுத்திருப்பது என் வீட்டு முகவரி. லட்சுமம்மாவின் மருமகன் அந்த ஆபீஸில் பியூன், அவன் சொன்னான். இவன் என்ன ஜாதி, எந்தச் சாமியைக் கும்பிடுகிறவன் என்று தெருவில் விசாரிப்பார்களாம்.

வரட்டும், நான் சொல்கிறேன். பிறந்த வருஷத்தில் அவனுக்கு வலிப்பு வந்து ஆஸ்பத்திரியில் கைவிட்டபோது, நீ என் காலைப் பிடித்துக்கொண்டு, "ஒஞ் சாமியாவது காப்பாத்தட்டும், தூக்கினு போக்கா" என்றாய். நான்தான் தூக்கிக்கொண்டு போனேன். மாதா கோயில் சாமியார் தண்ணீர் ஊற்றி ஆம்ப்ரோஸ் என்று பெயர் வைத்தார். நான்தான் ஞானத்தாய். என் கையில் வைத்துத்தான் அவன் கிறிஸ்தவன் ஆனான். பிறகு இங்கே என் வீட்டில் இருந்தபோது ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோயிலுக்கு வந்தான்.

ஆம்ப்ரோஸுக்கு ஒரு சட்டம், கிளாரன்ஸுக்கு ஒரு சட்டம் கிடையாது. இரண்டு பேரும் ஒன்றாக இருக்கட்டும்.

ஜோசபின்


சாம்பியன் ரீஃப், கே.ஜி.எஃப்.
20-10-2004

அக்காவுக்கு,

கல்லறை வாசலில் சொன்னது தப்புதான். துக்கத்தில் வாய் எங்கேயோ போய்விட்டது. அதற்கு நீ என்னைச் செருப்பால் அடி, வாங்கிக்கொள்கிறேன். என் பிள்ளையின் சோற்றில் ஏன் மண்ணைப் போடுகிறாய்?

தங்கச் சுரங்கத்தை மூடியபிறகு இவர் எப்படி இருக்கிறார் என்று உனக்குத் தெரியும். விடிந்தால் டிரெயின் பிடித்து பெங்களூர் வந்து வாட்ச்மேன் வேலை பார்த்துவிட்டு ராத்திரிதான் வருகிறார். நாங்கள் இரண்டு பேரும் ராகுலனின் சம்பளத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

எல்லோரும் ஒன்று என்று எழுதியிருக்கிறாய். சரி, ஒன்று கேட்கிறேன். ராகுலன் உன் வீட்டுக்கு வந்தபோது குச்சி மாதிரி இருந்தான். நீ தினமும் அவனுக்கு மட்டும் ஒரு முட்டை வைத்தாய். கிளாரன்ஸ் கோபித்துக்கொண்டு தட்டைத் தள்ளினான். "அவன் ஒடம்பு வேற, ஒன் ஒடம்பு வேறடா, மூடிக்கினு துன்னு" என்று நீ அவனைத்தான் அதட்டினாய். இரண்டு பிள்ளைகளை வேறு வேறாகத்தானே நடத்தினாய்? அன்றைக்கு அது ஓரவஞ்சனையா அக்கா? மெலிந்தவனுக்குக் கூடப் போட்டால்தான் இரண்டு பேரும் ஒரே உயரம் வருவார்கள் என்று நினைத்துத்தானே போட்டாய்? அரசாங்கம் எங்களுக்கு வைத்ததும் அந்த முட்டைதான். அந்தக் கம்பெனி கேண்டீனில் ராகுலன் தட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தால், "கோட்டா வந்துட்டாருப்பா, எடம் குடுங்க" என்று சிரிக்கிறார்களாம். சும்மா வந்த முட்டை இல்லை அது. சிரிப்போடு சேர்த்துத்தான் தின்கிறான்.

முன்னே புத்தர் கோயில்காரர்களுக்கும் இந்தச் சர்டிபிகேட் இல்லை என்றுதான் சொன்னார்கள். பிறகுதான் சட்டத்தை மாற்றினார்கள். உங்களுக்கு மாற்றவில்லை என்றால் அதற்கு நான் என்ன செய்ய? ஜானகியாகப் பிறந்தவள் நீ. ஆண்டனி மாமாவைக் கட்டிக்கொண்டு ஜோசபின் ஆனது நான் சொல்லியா?

கிளாரன்ஸை நான் வேறாக நினைத்ததில்லை. கடைசியாக வந்தபோதுகூட என் கையால் கருவாட்டுக் குழம்பு சாப்பிட்டுவிட்டுத்தான் போனான். அந்தப் பிள்ளைமேல் ஆணையாகக் கேட்கிறேன், அந்த ஆபீஸர் வந்தால் சும்மா இரு. தெரியாது என்று ஒரு வார்த்தை சொல், போதும்.

தமயந்தி


ஜீவனஹள்ளி
27-10-2004

சின்னி,

முட்டைக்குப் பதில் சொல்கிறேன். ஆமாம், அவனுக்கு மட்டும் வைத்தேன். இப்போது கேட்டாலும் சரி என்றுதான் சொல்வேன். வேறு வேறாக நடத்தியதே தப்பு என்று போன கடிதத்தில் எழுதியிருந்தால் அது என் கோபம் எழுதியது, அதை எடுத்துவிடு.

ஆனால் எதைப் பார்த்து வைத்தேன்? அவன் எலும்பைப் பார்த்து வைத்தேன். எந்தச் சாமி முன்னால் முட்டி போடுகிறான் என்று பார்த்தா வைத்தேன்? இரண்டு பிள்ளையும் மெலிந்திருந்து, ஒருத்தன் ஜெபம் சொல்கிறான் என்று அவன் தட்டில் மட்டும் வைக்காமல் விட்டிருந்தால் என்னை நீ என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டிருப்பாய்? நானும் நீயும் ஒரே அப்பாவுக்குப் பிறந்தோம். அவர் ஒரே சுரங்கத்தில்தான் இரண்டு பேருக்கும் சேர்த்து இருமினார். ஞானஸ்நானத் தண்ணீர் பட்டதும் என் எலும்பு தேறிவிட்டதா? எங்கள் கோயிலில் எல்லாரும் சகோதரர் என்பார்கள். கிளாரன்ஸுக்குப் பெண் கேட்கப் போனேன். "கே.ஜி.எஃப்.ல எந்த லைனு?" என்று கேட்டு, சுரங்க லைன் வீட்டைச் சொன்னதும் ஜாதியைத் தெரிந்துகொண்டு, காப்பி கொண்டுவர உள்ளே போன அம்மா வெளியே வரவேயில்லை.

அது இருக்கட்டும். உன் கடிதத்தில் ஒரு வரி இருக்கிறது. அதைப் பவுலினைவிட்டு மறுபடி படிக்கச் சொல்லிக் கேட்டேன், நான்தான் தப்பாகப் படிக்கிறேனோ என்று.

கடைசியாக வந்தபோது என்கிறாய். கிளாரன்ஸ் எப்போது அங்கே வந்தான்? ராகுலனுக்கு வேலை ஆர்டர் வந்தபிறகு அவன் கே.ஜி.எஃப். பக்கம் போகவில்லை. ஒரு நாள் மட்டும் ஓசூரில் வேலை கேட்கப் போகிறேன் என்று இஸ்திரி போட்ட சட்டையோடு போனான். ராத்திரி வந்து சாப்பாடு வேண்டாம் என்று படுத்துவிட்டான். "என்னாச்சுடா?" என்றேன். "ஆள் எடுக்கலம்மா" என்றான். மறுவாரம்தான் அந்தக் காண்டிராக்டரிடம் சேர்ந்தான்.

ஓசூருக்கா போனான், உன் வீட்டுக்கா? எதற்கு வந்தான்? நீ என்ன சொல்லி அனுப்பினாய்? மறைக்காமல் எழுது. ஆபீஸரிடம் நான் என்ன சொல்வது என்று அதற்கப்புறம் பார்க்கலாம்.

ஜோசபின்


கே.ஜி.எஃப்.
5-11-2004

அக்கா,

நீ கேட்டதற்காக எழுதுகிறேன். பயந்து எழுதவில்லை.

வந்தான். உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று அவன்தான் சொன்னான். புத்தர் கோயிலில் தன்னைச் சேர்த்துக்கொள்ளச் சொன்னான். "சித்தி, நீயும் சித்தப்பாவும் பெரியவங்ககிட்ட வந்து, இவன் எங்க ரத்தம்தான், திரும்பி வந்துட்டான்னு சொன்னா போதும். எனக்கும் சர்டிபிகேட் கெடைக்கும். வயசு இன்னும் தாண்டல" என்றான். அவனே எல்லாம் விசாரித்துக்கொண்டு வந்திருந்தான். ஜெபமாலையைக் கழற்றிப் பையில் வைத்திருந்தான்.

நான் முடியாது என்றேன்.

ஏன் என்று கேட்பாய். ராகுலன் அப்போதுதான் சேர்ந்திருந்தான். ஒரே குடும்பத்திலிருந்து இன்னொருத்தன், நேற்று வரைக்கும் கோயிலுக்குப் போனவன், இன்றைக்கு வந்து சர்டிபிகேட் கேட்டால் விசாரிக்க மாட்டார்களா? இவன் யார் என்று தோண்டினால், இவனோடு அதே கோயிலுக்குப் போனவன் யார் என்று தோண்டுவார்கள். ஆம்ப்ரோஸ் வெளியே வருவான். இரண்டு பேருக்கும் போகும். நான் என்ன செய்ய? கையில் இருக்கிற பிள்ளையைத்தான் பிடித்துக்கொண்டேன். "இங்க ஒருத்தனுக்குத்தான் எடம் கண்ணு. உங்கம்மா போன வழியிலயே நீயும் போ" என்றேன். அவன் கோபப்படவில்லை. குழம்பு நன்றாக இருக்கிறது என்றான்.

அந்தக் காண்டிராக்டரிடம் போவான் என்று நான் கண்டேனா? நீயாக இருந்தாலும் இதைத்தான் செய்திருப்பாய். நீ ஒரு தாய் என்றால் உனக்குப் புரியும். இல்லை, செய்திருக்க மாட்டேன் என்றால் உன் மாதாவின் முன்னால் நின்று சொல்.

ராகுலனுக்கு இது தெரியாது. அவனிடம் சொல்லிவிடாதே.

தமயந்தி


ஜீவனஹள்ளி
23-11-2004

சின்னி,

ஆபீஸர் வந்துவிட்டுப் போனார். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். நீ வேறு யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

முதலில் லட்சுமம்மாவிடம் கேட்டார். அவள், நல்ல பையன் என்று கன்னடத்தில், "ஒள்ளே ஹுடுகா சார், ரொம்ப மரியாதி" என்றாள். என்ன ஜாதி என்றார். "நனகேனு கொத்து? எனக்கு என்னா தெரியும்? வாடகை ஒழுங்கா குடுக்கற ஜாதி" என்றாள். அவரும் சிரித்துவிட்டார். பிறகு மாடிக்கு வந்தார். நல்ல மனுஷர்தான். கிளாரன்ஸ் படத்துக்கு மாலை போட்டிருப்பதைப் பார்த்துச் செருப்பைக் கழற்றினார்.

"ராகுலன் ஒங்களுக்கு என்ன ஆகணும்மா?"

"தங்கச்சி மகன்."

"அவங்க பௌத்தங்கன்னு எழுதியிருக்கு. நீங்க கிறிஸ்டியனா?"

"நான் கிறிஸ்டியன். அவனும் கிறிஸ்டியன்தான். ஞானஸ்நானம் குடுத்திருக்கு. நான்தான் ஞானத்தாய். ஆம்ப்ரோஸ்னு பேரு."

அவர் பேனாவை எடுக்கவில்லை. "யோசிச்சு சொல்லுங்கம்மா. நீங்க சொல்றத வச்சுத்தான் மேல போகும். பையன் வேல போயிடும்" என்றார்.

"யோசிச்சாச்சு சார், எழுதுங்க" என்றேன்.

எழுதினார். நான், "இன்னொண்ணும் எழுதுங்க. அவங்க என்ன ஜாதியோ நானும் அதே ஜாதி. எம் மகனும் அதே ஜாதி" என்றேன்.

"அப்படி எழுத முடியாதும்மா. மதம் மாறிட்டா அந்த ஜாதி கெடையாது."

"யார் சொன்னது?"

"சட்டம்."

"எம் மகன தொட்டிக்குள்ள எறக்குனான் பாருங்க, அவன்கிட்ட இந்த சட்டத்த யாராவது சொல்லியிருக்கலாமே சார்."

"அது வேற டிபார்ட்மெண்ட்டும்மா" என்றார். கிண்டலாகச் சொல்லவில்லை, பாவம். நான் கையெழுத்துப் போட்டேன்.

நீ கேட்டாயே, நீயாக இருந்தால் செய்திருக்க மாட்டாயா என்று. மாதாவின் முன்னால் நின்று பார்த்தேன். செய்திருப்பேன். நானும் என் பிள்ளையைத்தான் பிடித்திருப்பேன். கிளாரன்ஸை வெறுங்கையோடு அனுப்பிய உன்னை எனக்கு நன்றாகப் புரிகிறது. புரிந்துதான் கையெழுத்துப் போட்டேன். புரிந்தால் மன்னிக்க வேண்டும் என்று இல்லை.

அந்தத் தட்டிலிருந்து முட்டையை நான் எடுத்துவிட்டேன். அதனால் என் பிள்ளை தட்டுக்கு ஒன்றும் வரப்போவதில்லை, அவனுக்குத் தட்டே இல்லை. எனக்கு அது தெரியாது என்று நினைக்காதே.

ஜோசபின்


கே.ஜி.எஃப்.
28-12-2004

ஜோசபின் அம்மாளுக்கு,

மெமோ வந்தது. ராகுலனை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். பொய் சர்டிபிகேட் கொடுத்ததாகக் கேஸ் போட்டாலும் போடுவார்களாம். இவர் ஒரு வாரமாக வேலைக்குப் போகவில்லை, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார்.

அந்தப் பிள்ளை உனக்கு என்ன செய்தான்? வலிப்பில் துடித்தவனைத் தூக்கிக்கொண்டு ஓடினாயே, அன்றைக்கே வழியில் போட்டிருக்கலாம். காப்பாற்றி வளர்த்து, முட்டை கொடுத்து, அப்புறம் அறுத்தாய். உனக்கு இனிமேல் தங்கச்சி என்று சொல்ல ஒருத்தி இல்லை. எனக்கும் அக்கா இல்லை.

கிளாரன்ஸ் வந்துபோன விஷயத்தையும் நீயே அவனுக்குப் போன் செய்து சொல்லிவிட்டாய். "ஏம்மா சொல்லல?" என்று கேட்டான். அவ்வளவுதான் பேசினான். பையை எடுத்துக்கொண்டு போய்விட்டான். எங்கே போனான் என்று சொல்லவில்லை. அவன் சிநேகிதர்கள் எல்லாரிடமும் கேட்டுவிட்டேன். உனக்குத் தெரிந்தால் எழுது. உன்னிடம் கேட்க வைத்துவிட்டாய் என்னை. சந்தோஷமா?

தமயந்தி


ஜீவனஹள்ளி
12-2-2005, சனிக்கிழமை

சின்னி,

உன் மகன் இங்கேதான் இருக்கிறான். கிறிஸ்துமஸ் முடிந்து வந்தான். உன் கடிதம் வந்தபோது அவன் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தான். நான் பதில் போடவில்லை. பிள்ளை எங்கே இருக்கிறான் என்று தெரியாமல் ஒரு அம்மா எப்படி இருப்பாள் என்று நீயும் கொஞ்சம் பார் என்று விட்டேன். என் மகன் கல்லறையில் இருக்கிறான் என்றாவது எனக்குத் தெரியும். உனக்கு அவ்வளவுகூடத் தெரியவில்லை. அதில் எனக்குச் சந்தோஷம்தான், கேட்டாயே.

வந்தவன் வாசலிலேயே நின்றான். நான் வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. "பெரியம்மா, நீ பொய் ஒண்ணும் சொல்லல. திட்டறதுக்கு வரல" என்றான். "பின்ன எதுக்குடா வந்த?" என்றேன். "பசிக்குது" என்றான். சோறு போட்டேன். கிளாரன்ஸ் தட்டில் போடவில்லை, வேறு தட்டில் போட்டேன்.

அவன்மேல் கோபப்படத்தான் பார்த்தேன். முடியவில்லை, அதனால் எல்லாக் கோபத்தையும் உனக்கே வைத்துக்கொண்டேன். தினமும் வேலை தேடிப் போவான். கம்பெனியில் ஏன் நிறுத்தினார்கள் என்று போகிற இடத்திலெல்லாம் கேட்கிறார்களாம். சொன்னால் திருடனைப் பார்ப்பதுபோல் பார்க்கிறார்களாம். "மொதல்ல கோட்டான்னு சிரிச்சாங்க. இப்ப கோட்டாவும் இல்லன்னு சிரிக்கறாங்க பெரியம்மா" என்று சொல்லி அவனும் சிரித்தான்.

நேற்று சாயங்காலம் வந்து, வேலை கிடைத்துவிட்டது என்றான். எங்கே என்றேன். கை கழுவப் போனான். திரும்பக் கேட்டேன்.

"வைட்ஃபீல்டு. கிளாரன்ஸ் பாத்த எடம் காலியா இருக்குதாம். அதே காண்டிராக்டர்தான்."

"என்னடா சொல்ற?"

"நான் போய் நின்னேன். எந்த ஊருன்னு கேட்டாரு. கே.ஜி.எஃப்.னு சொன்னேன். சர்டிபிகேட் வேணுமான்னு கேட்டேன். அதெல்லாம் எதுக்கு, திங்கக்கெழம காலைல வந்துருன்னுட்டாரு."

அதே அபார்ட்மெண்ட். மோட்டார் மறுபடி நின்றுபோயிருக்கிறது.

ராத்திரி முழுக்க யோசித்தேன். இரண்டு பேரும் ஒன்றாக இருக்கட்டும் என்று எழுதியவள் நான்தான். ஒன்றாகிவிட்டார்கள். ஒரே காண்டிராக்டர், ஒரே தொட்டி. மேலே ஏறுகிற இடத்தில்தான் நம்மை வேறு வேறு வரிசையில் நிறுத்தினார்கள். கீழே இறங்குகிற இடத்தில் எல்லாரும் ஒரே வரிசைதான், தள்ளுமுள்ளு இல்லை. இந்தச் சமத்துவத்தையா நான் கேட்டேன்? இதைத்தான் கேட்டேன் என்று இன்னும் மனசின் ஒரு பக்கம் சொல்கிறது. மறுபக்கம் அவன் சட்டையைத் தோய்த்துக் காயப்போட்டிருக்கிறது.

போகாதே என்று ஒரு வார்த்தை சொன்னால் நிற்பான். நான் சொன்னால் கேட்பான், உன்னைவிட. நிறுத்தினால் உன் பிள்ளை உனக்கு மிச்சம், எனக்குப் படம் மிச்சம். நிறுத்தாவிட்டால் இரண்டு பேரும் ஒரே தராசு.

லட்சுமம்மா வீட்டுப் போன் கீழேதான் இருக்கிறது. பவுலின்கூட, "போன் பண்ணி சொல்லிடு ஜோசபின், பெத்தவ பாவம்" என்றாள். நான் செய்யவில்லை. இந்தக் கடிதத்தை இன்றைக்குப் பெட்டியில் போடுவேன். உன் கைக்கு வரும்போது செவ்வாயோ புதனோ ஆகும். அதற்குள் திங்கட்கிழமை போயிருக்கும், அவன் இறங்கியிருப்பான் அல்லது இறங்காமல் இருப்பான். எதுவானாலும் நீ இதைப் படிக்கும்போது முடிந்திருக்கும்.

என் மகன் உன் வாசலில் வந்து நின்றபோது அவனுக்குச் சொல்ல உன்னிடம் ஒரு பதில் இருந்தது. இப்போது உன் மகன் என் வாசலில் பையை மாட்டிக்கொண்டு நிற்கப்போகிறான். நீதான் அவனைப் பெற்றவள், சின்னி. அவனுக்கு நான் என்ன சொல்லட்டும்?